மீன் தொட்டிக்கு முட்டுக் கொடுத்த கதை

மரத்தில் நான் செய்தது எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றது கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. நிற்கக் கூடாது என்றுதான் செய்தேன். அதற்குத்தான் கூலியும் வாங்கினேன்.

நான் சென்ட்ரிங் மேஸ்திரி. வீட்டுக்குத் தளம் போடும்போது ஈரக் கான்கிரீட்டைத் தாங்க அடியில் பலகை அடித்து, பலகைக்குக் கீழே சவுக்குக் கம்புகளை வரிசையாக முட்டுக் கொடுத்து நிறுத்துவோமே, அந்த வேலை. கான்கிரீட் இறுகியதும் எல்லாவற்றையும் தட்டிப் பிரித்து, வண்டியில் ஏற்றி, அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் திண்டிவனத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போங்கள். அங்கே நிற்கிற மாடி வீடுகளில் பாதி, ஒரு காலத்தில் என் முட்டின் மேல் நின்றவை. (மீதிப் பாதி ஒழுகும்.)

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு மீன் கவிழ்த்தது.

மீனின் பெயர் ஜமீன். என் மருமகள் நிவேதா வைத்த பெயர். ஆஸ்கர் என்று ஒரு ஜாதி மீன். கறுப்பும் ஆரஞ்சும் கலந்த உடம்பு, தட்டு மாதிரி அகலம், பிதுங்கின கண். ஒரு வேலையும் செய்யாது. நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்றால் மட்டும் வாலால் கண்ணாடியை அடித்து ஆளைக் கூப்பிடும். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் பொடிக்குஞ்சாக வாங்கி வளர்த்தது. கல்யாணமாகி அவள் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பீரோ வந்தது, கட்டில் வந்தது, ஜமீன் மட்டும் வரவில்லை.

நல்ல பெண். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். ஆறு மாதம் ஆகியும் விருந்துக்கு வந்தவள் மாதிரியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். விழுப்புரம் பஸ் ஏறிவிடுவாள். அப்பா அம்மாவைப் பார்க்கத்தான் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரப் பாக்கப் போறா? மீனப் பாக்கப் போறா," என்றாள் என் மனைவி தனம். "அது இவ கையால போட்டாத்தான் சரியா துன்னுதாம். அந்த மீனு இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும் இவ மனசு இங்க வராது. எழுதி வச்சிக்க."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஜமீன் வர வேண்டும். அதுவும் என் கையால் செய்த ஸ்டேண்டின் மேல் வர வேண்டும். மருமகள் என்னைப் பார்த்து, "மாமா மாதிரி உண்டா!" என்று சொல்ல வேண்டும். (இந்த வசனத்தை நானே மனசுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.)

அதற்குக் குறுக்கே நின்றவர் சம்பந்தி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கடைசிப் பெட்டியிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற பழக்கம். போன் போட்டார்.

"சம்பந்தி, இங்க வெல்டிங் பட்டறையில சொல்லியிருக்கேன். இரும்புல ஒரு ஸ்டேண்டு பண்ணி தொட்டியோட சேத்து அனுப்பிடறேன். அஞ்சடி தொட்டி. தண்ணி, கல்லு, கண்ணாடி எல்லாம் சேந்து அறுநூறு கிலோவுக்கு மேல வருதுங்க."

"அறுநூறு கிலோ இன்னா சம்பந்தி? பன்னெண்டு மூட்டை சிமெண்டு! ஊரான் வீட்டு மாடியெல்லாம் தூக்கி நிறுத்தினவன் நான். உங்க மீனத் தாங்க மாட்டனா?"

"மீனு ஒரு கிலோதாங்க. அது வெயிட்டு இல்ல. தண்ணியப் பத்தித்தான் கவலை."

"அந்தக் கவலைய எங்கிட்ட குடுத்துட்டு நீங்க நிம்மதியா தூங்குங்க."

தனம் வேறு பக்கத்தில் நின்று, வளவனூரில் நல்ல ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுக்கலாமே என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! கட்டில் செய்கிறவர் ஆசாரி. கட்டில் மேல் யார் படுக்கிறார்கள்? புருஷன், பொண்டாட்டி. மிஞ்சிப்போனால் ஒரு குழந்தை. என் பலகை மேல் படுத்தது வீட்டுத் தளம். யாரிடம் யாரைப் பற்றிப் பேசுகிறாள்!

மரத்தில் நான் குறை வைக்கவில்லை. மில்லுக்குப் போய், தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நல்ல வேங்கையாக எடுத்தேன். சென்ட்ரிங் பலகையில் செய்தால் சிமெண்டுக் கறை தெரியும், மருமகள் முகம் சுளிப்பாள் என்கிற அளவுக்கு எனக்கும் நாகரிகம் தெரியும். வேலைக்கு என் ஆள் ஏழுமலையைக் கூப்பிட்டேன். என்னோடு சேர்ந்தே தலை நரைத்தவன். முட்டு வைப்பதிலும் முட்டுத் தட்டுவதிலும் அவனை மிஞ்ச ஜில்லாவில் ஆள் இல்லை. (என்னைத் தவிர.) நான் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டான். அந்தக் குணத்தைத்தான் அவனிடம் நான் ரொம்ப மெச்சிக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

மரம் வேங்கையாக இருந்தாலும் கை சென்ட்ரிங்காரன் கைதானே? அது தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும்.

ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி ஆணியை முழுக்க அடித்து, தலையை உள்ளே புதைத்து, மேலே மெழுகு பூசிவிடுவார். நாங்கள் முக்கால் ஆணிதான் அடிப்போம். கால் பங்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போதுதான் பிரிக்கும்போது கடப்பாரை நகத்தில் மாட்டி ஒரே இழுப்பில் பிடுங்கலாம். ஸ்டேண்டிலும் அப்படியே அடித்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. நிவேதா தாண்டிப் போகும்போது துப்பட்டா இரண்டு தடவை மாட்டியது. எடுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் போனாள். மரியாதையான பெண்.

அடுத்தது ஆப்பு. முட்டுக் கம்பு ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு ஆப்புகளை எதிரும் புதிருமாகச் செருகுவோம். உயரம் கூட்ட வேண்டுமா, உள்ளே தட்டு. குறைக்க வேண்டுமா, வெளியே தட்டு. ஸ்டேண்டின் நாலு கால்களுக்கும் அப்படியே ஜோடி ஜோடியாக ஆப்பு வைத்தேன். அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. எங்கள் வேலையில் ஆப்பு ஈரம் குடித்து இறுகிவிடும் என்று பழைய எஞ்சின் ஆயிலைத் தடவித்தான் செருகுவோம். ஏழுமலை டப்பாவும் கையுமாக வந்து நின்றான்.

"மேஸ்திரி, ஆயிலு?"

"கேக்கணுமா? தடவு."

அவனும் தடவினான். வஞ்சகமில்லாத ஆள். நாலு காலுக்கும் தாராளமாகத் தடவினான்.

மூன்றாவது, வாட்டம். தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்தை ஒரு பக்கமாக இறக்கி விடுவதற்கு வாட்டம் என்று பெயர். வாட்டம் இல்லாத தளம் ஒரே மழையில் குளமாகும். என் வீட்டு ஹால், வாசற்படி, முன் முற்றம் எல்லாமே நான் நின்று வாட்டம் பார்த்துப் போட்டவை. ஹாலின் உள்மூலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால், அது வழி கேட்காமல் வாசலுக்குப் போய், படி இறங்கி, முற்றத்துத் தென்னம்பிள்ளையின் பாத்தியில் போய் நிற்கும். அந்தப் பெருமையில் ஸ்டேண்டின் மேல் பலகைக்கும் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தேன். தொட்டியில் தண்ணீர் சிந்தினால் பலகையில் தங்கி மரம் ஊறிப்போகக் கூடாது அல்லவா? தொலைநோக்கு.

ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கலாமா என்று ஏழுமலை கேட்டான். (கேள்வியே கேட்காதவன் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி. அதையும் நான் மதிக்கவில்லை.) என் கண்தான் ரசமட்டம் என்று சொல்லிவிட்டேன். கடைசியாகக் காப்பிக் கலரில் இரண்டு கோட்டிங் வார்னிஷ். தனம் வந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. எப்ப பிரிக்கப்போற?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டியில் தொட்டி வந்தது. முன்சீட்டில் சம்பந்தி. பின்னால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிவேதா. அவள் மடியில் ஒரு பெரிய பக்கெட், அதற்குள் ஜமீன். விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து திண்டிவனம் வரைக்கும் அவள் அதோடு பேசிக்கொண்டே வந்தாளாம். எங்களோடு ஆறு மாதத்தில் பேசியதைவிட அது அதிகம் இருக்கும். என் மகன் அன்றைக்குக் கம்பெனியில் டே ஷிப்ட். (எப்போது தப்பிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். என் ரத்தம் இல்லை, தனத்தின் ரத்தம்.)

சம்பந்தி ஸ்டேண்டைப் பார்த்தார். ஆப்புகளைப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சம்பந்தி, இன்னும் வேலை பாக்கி இருக்குதுங்களா?"

"முடிஞ்சிடுச்சே!"

"ஓ," என்றார். ரயில் சிக்னலில் நிற்கும்போது கார்டு சொல்கிற "ஓ" அது.

நாலு பேர் பிடித்துத் தொட்டியை ஏற்றினோம். நிவேதா தன் கையால் கல் பரப்பினாள், செடி நட்டாள். ஏழுமலை நீல பேரலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினான். ஸ்டேண்டு ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. நான் சோபாவில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டேன். கடைசியில் நிவேதா பக்கெட்டை மெதுவாகச் சாய்க்க, ஜமீன் தொட்டிக்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுவில் வந்து நின்றது. நின்றது மட்டுமில்லை, வாலால் கண்ணாடியை ஒரு அடி அடித்தது.

"சாப்பாடு கேக்குது மாமா!" என்றாள் நிவேதா. என்னைப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அத்தோடு நான் எழுந்து கறிக்கடைப் பக்கம் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொறித்துக்கொண்டு எல்லாரும் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சம்பந்தி ஒரு மல்லாட்டையை உரித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"தண்ணி கோணலா இருக்குதுங்க."

பார்த்தேன். இடது மூலையில் தண்ணீர் கண்ணாடி விளிம்புக்கு நாலு விரல் கீழே இருந்தது. வலது மூலையில் ஒரு விரல்தான். தரைக்கு நான் கொடுத்த வாட்டம், பலகைக்கு நான் கொடுத்த வாட்டம், இரண்டும் கூட்டுச் சேர்ந்து அங்கே வரைந்து காட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணிதான் கோணல்," என்றேன். "ஸ்டேண்டு நேராத்தான் இருக்குது."

இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள். சம்பந்தி சிரிக்கவில்லை. மரியாதைக்காரர்.

"அப்பா, விடுங்கப்பா. ஜமீனுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல," என்றாள் நிவேதா. என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் ரோஷமாகப் போய்விட்டது. நேற்று வந்த பெண் எனக்கு முட்டுக் கொடுப்பதா?

"இன்னாம்மா இது பெரிய விஷயம்! மாடித் தளத்தையே ஆப்புல ஏத்தி எறக்கினவன் நானு. இது ஒரு தட்டு. ஏழுமல! சுத்தி எடு!"

"மாமா, தண்ணிய எறக்கிட்டு..."

"தேவையில்லம்மா. லோடுல வச்சே ஏத்துவோம். நீ பாரு."

"சம்பந்தி, வேணாங்க," என்று எழுந்தார் அவர். "ஓடுற வண்டியில சக்கரம் மாத்தற மாதிரி இருக்குது."

நான் அதற்குள் வலது பக்க முன்காலின் கீழே குந்திவிட்டேன். ஆப்பு எண்ணெயில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான்.

ஆப்பு உள்ளே போகவில்லை. ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி, ஜோடி ஆப்பும் ஆளுக்கொரு திசையில் பறந்தன. ஒன்று சோபாவின் அடியில் போய் ஒளிந்தது. இன்னொன்று என் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டு சமையல்கட்டு வாசலில் போய் நின்றது.

அந்தக் கால் நாலு விரல் இறங்கியது. பன்னிரண்டு மூட்டைத் தண்ணீரும் அந்த மூலைக்கு ஓடி வந்து, விளிம்பு தாண்டி என் தலையில் கொட்டியது. நான் தோளை முட்டாகக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். சம்பந்தி பாய்ந்து வந்து அவர் தோளையும் கொடுத்தார். இரண்டு சம்பந்திகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நின்றோம். கல்யாணத்தில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டதில்லை.

"நிவேதா, மீன எடும்மா!" என்று சம்பந்தி கத்தினார். அவள் பக்கெட்டைத் தேடி ஓடினாள். பக்கெட்டைத் தனம் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏழுமலைக்குப் பொறி தட்டியது.

சென்ட்ரிங்கில் ஒரு பாடம் உண்டு. பிரிக்கும்போது ஒரு பக்கத்து முட்டு முந்திக்கொண்டு விழுந்துவிட்டால், யோசிக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்து முட்டையும் உடனே தட்டிவிட வேண்டும். அப்போதுதான் பலகையெல்லாம் சாய்ந்து ஆள் மேல் விழாமல் நேராக இறங்கும். இதை ஏழுமலைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன்.

"மேஸ்திரி, ஒத்திக்க! நேரா எறக்கறேன்!" என்றான்.

"டேய், வேணாண்டா!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டொக், டொக், டொக் என்று மூன்று சத்தம். என்ன சுத்தமான வேலை! நாலாவது தட்டுக்குத் தேவையே இருக்கவில்லை. நானும் சம்பந்தியும் பின்னால் துள்ளினோம். முக்கால் ஆணிகளெல்லாம் பல் மாதிரி வரிசையாகக் கழன்றன. கால்கள் நாலும் நாலு பக்கம் படுத்தன. தொட்டி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பக்கமும் சாயாமல், ரசமட்டம் வைத்தது மாதிரி நேராக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஒரு நொடி அப்படியே இருந்தது. உள்ளே ஜமீன் எங்களைப் பார்த்தது. நாங்கள் ஜமீனைப் பார்த்தோம்.

பிறகு முன்பக்கக் கண்ணாடி, ஒட்டியிருந்த பசை விட்டு, ஒரே துண்டாகக் கதவு திறப்பது மாதிரித் திறந்துகொண்டது.

தண்ணீர் வந்த வேகத்தில் சம்பந்தி கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். செருப்பு, மல்லாட்டைத் தட்டு, அன்றைய பேப்பர், எல்லாம் மிதந்து வாசலைப் பார்த்துப் போயின. அவற்றுக்கு நடுவே, ஊர்வலத்தில் போகிற பெரிய மனுஷர் மாதிரி, ஜமீன் போனது. ஹாலைத் தாண்டி, வாசற்படியில் தொம் தொம் என்று இறங்கி, முற்றத்துக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் நான் ஒன்று சொன்னேன். அதை இன்றைக்கு வரைக்கும் தனம் மன்னிக்கவில்லை. நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டு, உள்ளறைப் பக்கம் கையைக் காட்டி, "பாத்தீங்களா சம்பந்தி வாட்டத்த! ரூம்புக்குள்ள ஒரு சொட்டு போவல பாருங்க!" என்றேன்.

நிவேதா என்னைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நானும் நொண்டிக்கொண்டு ஓடினேன். முற்றத்தில் ஜமீனைக் காணோம். காம்பவுண்டுச் சுவரில் இரண்டு காக்கைகள் மட்டும் தலையைச் சாய்த்துக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்த்த இடத்தைப் பார்த்தேன். தென்னம்பிள்ளையின் பாத்தி. என் வாட்டம் ஹால் தண்ணீர் அத்தனையையும் கொண்டுபோய் அந்தப் பாத்தியில் சேர்த்திருந்தது. கணுக்காலளவுச் சேற்றுத் தண்ணீரில், முதுகு மட்டும் தெரிய, ஜமீன் கிடந்தது. ஒரு காக்கை இறங்கப் பார்த்தது. உள்ளேயிருந்து தட்டுத்தடுமாறி வந்த சம்பந்தி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள். காக்கை மட்டுமில்லை, தெருவில் போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவும் நின்றுவிட்டது.

நிவேதா முழங்கால் போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவை நனைத்து, ஜமீனை அள்ளினாள். நீல பேரலில் மிச்சமிருந்த தண்ணீரில் விட்டாள். பக்கவாட்டில் சாய்ந்தே கிடந்தது. அவள் பேரல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். தளம் போட்டு முட்டுப் பிரிக்கிற அன்றைக்குக்கூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை. எவ்வளவு நேரமோ. பிறகு ஒரு செவுள் அசைந்தது. வால் அசைந்தது. நிமிர்ந்துகொண்டது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சம்பந்தி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "எல்லாத்தையும் ஒடச்சிட்டீங்களே சம்பந்தி," என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாக. எனக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு வேங்கைப் பலகையை எடுத்து வந்து நீட்டினேன்.

"எங்க ஒடஞ்சிருக்குது காட்டுங்க. ஒரு கீறல் இருக்குதா? கண்ணாடியே ஒடையல. இதுக்குப் பேரு ஒடையறது இல்ல சம்பந்தி. பிரியறது. ஒடையல, பிரிஞ்சிடுச்சி."

ஏழுமலை மட்டும் ஆமாம் என்று தலையாட்டினான்.

நிவேதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. குட்டியானையைத் திரும்ப வரச் சொன்னாள். பேரலையும் காலித் தொட்டியையும் ஏற்றி, பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்து, ஜமீனோடும் அப்பாவோடும் விழுப்புரம் போய்விட்டாள். போகும்போது தனத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்கு நடந்த மரியாதையை விவரமாக எழுதினால் பேப்பர் கருகிவிடும். காப்பி ஆறித்தான் வரும். மகன் வாரக் கடைசியில் விழுப்புரம் போய் வந்துகொண்டிருந்தான். "மீனு எப்படி இருக்குதுடா?" என்று கேட்டால், "மீனு நல்லா இருக்குது," என்பான். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வராது. தனம்தான் ஒரு நாள் போட்டு உடைத்தாள்.

"ஊரான் வீட்டையெல்லாம் நிக்க வச்சியே, உன் வீடு ஆடிக்கினு இருக்குதே, அதுக்கு எந்த முட்டக் குடுக்கப்போற?"

மறுநாள் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவித்த மல்லாட்டை கால் மூட்டை கொண்டுபோனேன். (எனக்கு அதுதான் மன்னிப்பு.) சம்பந்தி வீட்டுப் பின்புறம் ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஜமீன் இருந்தது. எட்டிப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு முதுகைத் திருப்பிக்கொண்டது. மீனுக்கு ஞாபகமே இருக்காது என்று சொல்கிறவர்களைக் கூட்டி வாருங்கள், காட்டுகிறேன்.

நிவேதா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சூடாகத்தான் இருந்தது. அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. சம்பந்தியிடம் சொன்னேன்:

"இரும்புலயே பண்ணிடுங்க சம்பந்தி. நான் கை வைக்கல."

அடுத்த வாரத்தில் ஒரு நாள் இரும்பு ஸ்டேண்டு வந்தது. புதுப் பசை போட்டு ஒட்டின தொட்டி வந்தது. நிவேதா வந்தாள், ஜமீன் வந்தது. நான் சொன்ன சொல் தவறாமல் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தி விழுப்புரத்திலிருந்து ரசமட்டமும் கொண்டுவந்திருந்தார். ஸ்டேண்டை வைத்தார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. ஸ்டேண்டைத் திருப்பி வைத்தார். குமிழி மறுபக்கம் ஓடியது. சுவரோரம் தள்ளினார், இழுத்தார். ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெல்டிங்கில் குற்றமில்லை. இரும்பு நேராகத்தான் இருந்தது. ஆனால் என் தரைக்கு வாட்டம் இருக்கிறதே!

நான் வாயைத் திறக்கவில்லை. தனம் பார்த்தாள், ஏழுமலை பார்த்தான், நான் திறக்கவே இல்லை. சம்பந்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி..."

"சொல்லுங்க."

"ஆப்பு ஒண்ணு இருக்குமா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று கேட்டதில்லை. சோபாவின் அடியில் கையை விட்டேன். அன்றைக்குப் பறந்துபோய் ஒளிந்த வேங்கை ஆப்பு அங்கேயேதான் கிடந்தது. எடுத்து நீட்டினேன். சம்பந்தி கை நீட்டுவதற்குள் நிவேதா குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். நேராகக் கொல்லைப்புறம் போனாள். சோப்புப் போட்டு, தேங்காய் நார் வைத்து, பாத்திரம் தேய்ப்பது மாதிரிப் பரபரவென்று தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. வந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, என் கையில் ஒரு காலி டம்ளரைத் திணித்தாள்.

"மாமா, நீங்க மொதல்ல சமையல்கட்டுக்குப் போய் அத்தைகிட்ட காப்பி வாங்கிக் குடிங்க. தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

இந்த வீட்டில் அவள் எனக்கு இட்ட முதல் உத்தரவு அது. பதறிப்போய் எழுந்ததில் டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்தது. கண்ணாடி டம்ளர். நாலு துண்டு. நிவேதா குனிந்து துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒடையல மாமா," என்றாள். "பிரிஞ்சிடுச்சி."

முதலில் சிரித்தது ஏழுமலை. அப்புறம் சம்பந்தி, ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு. தனம் அன்றைக்கு முந்தானையெல்லாம் வைத்துப் பொத்திக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் இரண்டு குடும்பத்திலும் எதுவும் உடைவதில்லை. தட்டு பிரிகிறது, செருப்பு வார் பிரிகிறது, போன மாதம் என் கடைவாய்ப் பல் பிரிந்தது. பேரப்பிள்ளை பிறந்து, நடை பழகி, பொம்மைக் காரைச் சுவரில் மோதி இரண்டாக்கிவிட்டு, என்னிடம் வந்து இரண்டு கையிலும் இரண்டு பாதியைக் காட்டி, மழலையில் அதையேதான் சொல்லுகிறான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், தொட்டியைக் கை காட்டுகிறான்.

ஜமீன் அதே மூலையில், அதே ஆப்பின் மேல், கிழடு தட்டி நிற்கிறது. மரத்தில் நான் செய்ததில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பது அந்த ஆப்பு ஒன்றுதான். ஆயுத பூஜை அன்றைக்கு நிவேதா அதற்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறாள். நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஹால் வழியாகப் போக எனக்கு இன்னும் அனுமதி கிடையாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாகத்தான் வர வேண்டும்.